தண்ணீர்ப்பாம்பு அவர்களே!

எங்கள் கண்மாய் அப்போது மாவட்டத் தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. வழக்கு நிலுவையில் உள்ள கண்மாய்களை அங்கேதான் வைப்பார்கள். கரை, மடை, மிகைநீர் வழியும் கலிங்கு, கருவேல மரங்கள் எல்லாம் முறைப்படி மேலே ஏற்றப்பட்டிருந்தன. ஊரில் கண்மாய் இருந்த பள்ளத்தில் அடையாளத்துக்காக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அன்று பொழுது சாய்ந்ததும் கண்மாயை மடித்து இரும்பு அலமாரியில் வைத்துவிட வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது. பாம்பு வாழாத நீர்நிலை நீர்நிலை ஆகாது என்பது விதி. எங்கள் கண்மாயில் பாம்பு இல்லை என்பதை ஒருவர் மேசையை விட்டு எழாமலே கண்டறிந்திருந்தார். மடித்த கண்மாய் எந்த வயலுக்கும் பாயாது. எங்கள் ஊரான செம்போடைப்பட்டியின் நெல் அன்றோடு முடிந்துவிடும்.

நான் விலங்கியல் மாணவி. பெயர் வெற்றிச்செல்வி. கண்மாயின் தண்ணீர்ப்பாம்புகளைப் பிடித்து, அளந்து, திரும்ப நீரில் விட்டு, அவை இருக்கின்றன என்று நிறுவுவது என் கள ஆய்வு. உடன் படிக்கும் அமலன் எனக்குத் துணை. பாம்புகள் இருக்கின்றன என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அவற்றோடு நீந்தி வளர்ந்தவள் நான். எங்களிடம் இல்லாதவை பொருள்கள் மட்டுமே. பாம்பைப் பிடித்துப் போட ஒரு துணிப்பை வேண்டும். சற்று நேரம் வைத்திருக்க மூடியுள்ள பாத்திரம் வேண்டும். அளப்பதற்கு நாடா வேண்டும். இவற்றைக் கல்லூரியில் கேட்டிருப்போம். கல்லூரி அந்த வாரம் வெளியூர் போயிருந்தது.

ஆகவே அலுவலகத்திலேயே கேட்பது என்று முடிவு செய்தோம்.

வாசலில் காவலர் ஒச்சப்பன் கதவாக மாறிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் முழுதும் தேக்காகிவிட்டது. வலக்கையில் மட்டும் பீடி புகைந்தது.

"எங்கிட்டுப் போறீக?"

"ஆய்வுப் பொருள் வழங்குற பிரிவுக்கு அண்ணே," என்றேன்.

"எதைப் பத்தி ஆய்வு?"

"தண்ணிப்பாம்பு."

"அது வெசமில்லாத பயலாச்சே. அதுக்கு எதுக்குத்தா ஆய்வு?"

"வெசமில்லாததுன்னாலதான் யாரும் பண்ணல."

அவர் யோசித்தார். யோசிக்கும்போது தாழ்ப்பாள் ஆடியது. "சரி, தள்ளுங்க. மெதுவா. தோள்பட்டையில கீல் புதுசு."

தள்ளினோம். முனகிக்கொண்டே திறந்தார்.

"எண்ணெய் விடுறாங்களாண்ணே?" என்று அமலன் பரிவோடு கேட்டான்.

"மனுக் குடுத்திருக்கேன் தம்பி," என்றது கதவு.

உள்ளே தாழ்வாரம் இருந்தது. குனிந்து நடப்பவர்களுக்கு அது நீளும். இது கட்டும்போதே செய்த ஏற்பாடு. எங்களுக்கு முன்னால் ஒரு முதியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து நடந்துகொண்டிருந்தார். முதியோர் உதவிக்காக வந்தவர். இளைஞராக உள்ளே நுழைந்தவராம்.

"நிமிந்து நடங்கய்யா," என்றேன்.

"நல்லாருக்குமா தாயீ?"

"தோள்ல போடுங்க அந்தத் துண்ட."

அவர் துண்டைத் தோளில் போட்டார். தாழ்வாரம் சுருங்கி, அவர் தேடிய சன்னல் அவர் மூக்குக்கு நேரே வந்து நின்றது. சன்னலுக்குள் இருந்தவர் திடுக்கிட்டார். நானும் அமலனும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தோம். இரண்டே எட்டில் எங்கள் பிரிவு வந்துவிட்டது.

அங்கே கண்காணிப்பாளர் பரஞ்சோதி அம்மையார் இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் அமர்ந்திருந்தார். மேசையில் பூவும் திருநீறும் இருந்தன. காகிதம் இல்லை.

"பாம்பு ஆய்வுக்குப் பொருள் வேணும் மேடம்," என்றேன்.

அம்மையார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இடப்புற அலமாரியைத் திறந்தார். மூடி போட்ட பித்தளைத் தூக்கு நிறையப் பால் இருந்தது. பக்கத்தில் முட்டைகள். மஞ்சள் நனைத்த துணி.

"எடுத்துக்கிருங்க. புத்துக்கு மூணு தரம் சுத்தி ஊத்தணும். செருப்பக் கழட்டிருங்க."

"எங்களுக்கு அளவு நாடா வேணும்."

"நாடாவக் குடிக்குமாத்தா அது?"

"பாலையும் குடிக்காது மேடம். பாம்பு பால் குடிக்கிற பிராணி இல்ல. தவளை திங்கும், மீன் திங்கும்."

"அப்பிடிப் பேசாத. நல்லவரு கோவிச்சுக்கிருவாரு."

"நான் கேக்குறது நல்லபாம்புக்கு இல்ல. தண்ணிப்பாம்புக்கு."

அம்மையாரின் முகம் மாறியது. பக்தி வடிந்து அலுவலகம் நிறைந்தது. "அத மொதல்லயே சொல்றதில்லயா?" என்று இடப்புற அலமாரியைப் பூட்டினார். வலப்புற அலமாரியைத் திறந்தார். அதில் தரையிலிருந்து மேல்தட்டு வரை தடிகள் இருந்தன. மூங்கில் தடி, வேப்பந்தடி, பூண் போட்ட தடி. பலவற்றின் நுனி கறுத்திருந்தது.

"தண்ணிப்பாம்புக்கு இதுதான் ஒதுக்கீடு. தலையப் பாத்துப் போடணும்."

நான் இரண்டு அலமாரிகளையும் பார்த்தேன். நஞ்சுள்ளதற்குப் பால். நஞ்சற்றதற்குத் தடி. கடித்துக் கொல்லக்கூடியவனுக்குக் கற்பூரம்; வாய்க்காலோரம் தன் பாட்டுக்குத் தவளை தின்று பிழைப்பவனுக்கு மண்டையில் அடி. இந்த நாட்டில் பாம்புக்கும் இதுதான் நிலை, மனிதனுக்கும் இதுதான் நிலை. கும்பிடுவதற்கு ஓர் அலமாரி வைத்திருக்கிறோம். கொல்வதற்கு ஓர் அலமாரி வைத்திருக்கிறோம். தெரிந்துகொள்வதற்கு ஒரு முழ நாடா வைத்திருக்கவில்லை!

இதை நான் உரக்கவே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து அறைகளில் சிலர் கைதட்டினார்கள்.

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் அம்மையார். "நாடா இல்ல. இருக்குறதத்தான் குடுக்க முடியும்."

"சரி," என்றேன். "ரெண்டையும் குடுங்க."

"ரெண்டையும் யாரும் கேட்டதில்லயே."

"இப்பக் கேக்குறோம்."

ஒரே பாம்பைக் கும்பிடவும் அடிக்கவும் போகிறோம் என்று அவர் புரிந்துகொண்டார். அது அவருக்கு நியாயமாகப் பட்டது. இரண்டையும் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்தோம். தாழ்வாரத்தின் ஓரத்தில் மனுக் கொடுக்க வந்த தாய்மார்கள் பிள்ளைகளோடு அமர்ந்திருந்தார்கள். சில பிள்ளைகள் அங்கேயே பிறந்தவை. பாலை அவர்களிடம் கொடுத்தேன். முட்டைகளையும் கொடுத்தேன். பிள்ளைகள் குடித்தன. வானம் இடியவில்லை. ஒரு குழந்தை மட்டும் ஏப்பம் விட்டது.

தூக்கு காலியானது, எங்களுக்குப் பாத்திரம் கிடைத்தது. மஞ்சள் துணியை இரண்டாக மடித்து ஓரங்களை முடிந்தேன், பை கிடைத்தது. அமலன் தன் பேனாக்கத்தியால் மூங்கில் தடியில் விரற்கடை விரற்கடையாகக் கோடு கீறினான்.

"அடிக்கிற கம்பு அளக்குற கம்பாயிருச்சு," என்றான்.

"கம்பு மேல தப்பில்ல அமலா. புடிச்ச கை மேலதான்."

"இதுக்கும் ஒரு கூட்டம் போட்டுறாத. வா, பொழுது போகுது."

மூன்றாம் மாடியில் கண்மாய் நலமாகவே இருந்தது. எழுத்தர்கள் கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு நீருக்கு நடுவே வேலை பார்த்தார்கள். ஒருவரின் மேசையில் கொக்கு ஒன்று நின்றது. அவர் அதைத் தாண்டிக் கையெழுத்திட்டார். மேற்குச் சன்னலில் கதிரவன் தெரிந்தது. அதுவும் பணியில்தான் இருந்தது.

கரைமேல் மடிப்பு அலுவலர் சொக்கநாதன் நின்றிருந்தார். கண்மாயின் ஒரு முனையை ஏற்கெனவே கையில் பிடித்திருந்தார். போர்வையை மடிக்க இன்னொரு ஆள் வேண்டுமே என்று பார்ப்பவரைப் போலச் சுற்றும் பார்த்தார்.

"ஏம்மா, அந்த முனையப் புடி," என்றார் என்னிடம்.

"பிடிக்க மாட்டேன் சார். இதுல பாம்பு இருக்கு. காட்டுறேன்."

பாவாடையைச் செருகிக்கொண்டு நீரில் இறங்கினேன். கோரைப்புல் ஓரத்தில் ஒரு தலை தெரிந்தது. கண்ணுக்குக் கீழே மையிட்டது போல ஒரு கறுப்புக் கோடு. உடலெங்கும் சதுரங்கக் கட்டம். நான் பின்பக்கமாகப் போய்க் கழுத்தோரம் பிடித்தேன். அது என் கையைச் சுற்றிக்கொண்டது. எழுத்தர்கள் எழுந்தார்கள். பாதிப் பேர் கைகூப்பினார்கள். பாதிப் பேர் தடி தேடினார்கள். தடி அமலனிடம் இருந்தது.

"பாம்பு," என்றேன்.

அலுவலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "படம் எடுக்கச் சொல்லு."

"இது படம் எடுக்கிற இனம் இல்ல சார்."

பாம்பு அவமானப்பட்டிருக்க வேண்டும். தன் கழுத்தைச் சற்றே தட்டையாக்கிக் காட்டியது.

"பத்தாது," என்றார் அலுவலர்.

அடுத்த நொடி அது என் கட்டைவிரலைக் கடித்தது. தண்ணீர்ப்பாம்பு கடிக்கும். நஞ்சில்லாதவனுக்கும் கோபம் உண்டு. இரத்தம் சொட்டியது. மூன்றாம் மாடி முழுவதும் எட்டிப் பார்த்தது.

"கடிச்சிருச்சா?" என்றார் அலுவலர். அவர் குரலில் முதன்முறையாக மரியாதை வந்தது.

"கடிச்சிருச்சு."

"அப்பப் பொழுது சாயயில உசுரு போயிரும்."

"போகாது சார். இதுக்கு வெசம் கிடையாது."

"அப்படின்னா ஒண்ணு கேட்டுக்க," என்றார் அலுவலர் பொறுமையாக. "பொழுது சாயயில நீ செத்தேன்னா, அது பாம்பு. கண்மாய ஊருக்கே அனுப்பிருவேன். உன் பேரையே வச்சிரலாம். நீ சாகலேன்னா, அது பாம்பு இல்ல. கண்மாய மடிச்சிருவேன். கொல்லாதத எப்படிம்மா நான் பாம்புன்னு எழுதுறது?"

எழுத்தர்கள் தலையசைத்தார்கள். அவர்களுக்கு அது தெளிவாக இருந்தது.

அமலன் என்னை ஓரமாக இழுத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. "வெற்றி, கொஞ்ச நேரம் மட்டும் செத்துருறியா? ஊருக்காக. அப்பறம் பாத்துக்கலாம்."

"செத்து நிரூபிக்கிறது அவுங்க வழக்கம்டா. இங்க செத்தவுங்களுக்கு மாலை போடுவாங்க, இருக்குறவுங்களுக்குத் தண்ணி விட மாட்டாங்க. நான் இருந்தே நிரூபிக்கிறேன்."

"எப்பிடி?"

"இன்னும் பொழுது இருக்கு."

பாம்பைத் தூக்கில் விட்டு மூடியைச் சாத்தினோம். அதற்குள் இரங்கல் கூட்டத்துக்கு ஏற்பாடு நடந்தது. இந்த அலுவலகத்தில் வேகமாக நடக்கும் வேலை அது ஒன்றுதான். கரைமேல் பந்தல் முளைத்தது. நாற்காலிகள் வந்தன. ஒலிபெருக்கி வந்தது. என் படம் ஒன்று மாலையோடு வந்தது. படத்தில் நான் கண்ணை மூடியிருந்தேன். பரஞ்சோதி அம்மையார் கீழேயிருந்து ஏறி வந்து என் கையைப் பிடித்து அழுதார். "பாலக் குடுத்தேனே, ஊத்தாம விட்டியேத்தா," என்றார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

அலுவலர் நடுநாற்காலியில் அமர்ந்தார். நடுநாற்காலியில் அமர்ந்தவர் தலைவர். தலைவர் அமர்ந்துவிட்டால் கூட்டம் தொடங்கிவிட்டது என்று பொருள். நான் ஒலிபெருக்கியின் முன் போய் நின்றேன்.

"இறந்தவுங்க பேசுறது மரபில்ல," என்றார் அலுவலர்.

"இன்னும் இறக்கல தலைவர் அவர்களே."

நான் 'தலைவர் அவர்களே' என்றதும் அவர் உடல் தானாக எழுந்து, கைகூப்பி, மீண்டும் அமர்ந்தது. மேடையிலிருந்து பெயர் சொல்லி விளித்தால் அரை உடம்பாவது எழுந்து வணங்காமல் இருக்க நம் மண்ணில் பிறந்த எவராலும் முடியாது. எனக்கு அது அப்போதுதான் விளங்கியது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. விளித்துக்கொண்டிருப்பவரை இடைமறிப்பது மரபில்லை. நன்றியுரை இல்லாமல் கூட்டம் முடிவதில்லை. கூட்டம் முடியாமல் பொழுது சாய அனுமதியும் இல்லை. பந்தலுக்கு விளக்குப் போட மின்பிரிவு இன்னும் ஒப்புதல் தரவில்லை.

தொண்டையைச் செருமினேன்.

"கண்ணீரோடு வந்திருக்கும் கண்காணிப்பாளர் அம்மையார் அவர்களே!"

அம்மையார் எழுந்து வணங்கினார்.

"மேசை மேல் நிற்கும் கொக்கு அவர்களே!"

கொக்கு ஒற்றைக் காலை ஊன்றிக் கழுத்தைத் தாழ்த்தியது.

"வாழையடி வாழையாக இந்த நீரில் வாழ்ந்தும் ஒரு துளிப் பாலுக்கும் கைநீட்டாதவரே, நூறு தடிகளுக்குத் தப்பி இன்றும் தலைநிமிர்ந்து நீந்துபவரே, கோரைப்புல் ஓரத்துத் தண்ணீர்ப்பாம்பு அவர்களே!"

கோரைப்புல் ஓரத்தில் ஒரு தலை எழுந்தது. அரை உடம்பு உயர்ந்து நின்று, பணிவோடு தாழ்ந்தது. அமலன் பாய்ந்து போய் அருகே தடியைப் பிடித்து, ஒரு கோட்டின்மேல் நகத்தால் அழுத்தினான்.

"கலிங்கின் கல்லிடுக்கில் குடியிருக்கும் தண்ணீர்ப்பாம்பு அவர்களே!"

எழுந்தது.

"தவளை ஒன்றைப் பாதி விழுங்கிய நிலையிலும் கூட்டத்துக்கு வருகை தந்திருக்கும் தண்ணீர்ப்பாம்பு அவர்களே!"

அதுவும் எழுந்தது. வாயில் இருந்த தவளையும் முடிந்தவரை வணங்கியது.

நான் நிறுத்தவில்லை. கருவேல மரத்தடியில் இருந்தவரை அழைத்தேன். தட்டச்சு இயந்திரத்துக்குள் தோல் உரித்துக்கொண்டிருந்தவரை அழைத்தேன். கருவுற்றிருந்த தாயை அழைத்தேன். தூக்குக்குள் இருந்தவரை அழைத்தபோது மூடி லேசாக உயர்ந்தது. கண்மாய் முழுவதும் தலைகள் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் எழுத்தர்கள் கைகூப்பினார்கள். கூப்பிய கையில் தடி பிடிக்க முடியாது.

அலுவலருக்கு வியர்த்தது. இரு விளிகளுக்கு இடையே தாழ்ந்த குரலில் சொன்னார்: "சரிம்மா. எழுந்து கும்பிட்டவரை வரலேன்னு எழுத முடியாது. பாம்பு வந்திருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா கூட்டம் முடிஞ்சா வந்தவுங்க போயிட்டதாத்தான் கணக்கு. முடிஞ்சதும் மடிப்பேன்."

அவர் கையில் கண்மாயின் முனை இன்னும் இருந்தது. பிடியைத் தளர்த்தவே இல்லை.

நான் கதிரவனைப் பார்த்தேன். அது சன்னல் விளிம்பில் தாடையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நீரைப் பார்த்தேன். நீருக்கு அப்பால் மடையைப் பார்த்தேன். நெடுநாள் திறக்கப்படாமல் துருவேறிக் கிடந்தது. அதையும் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"உழவனின் வாசற்கதவே! பசித்த வயலின் தொண்டையே! பூட்டி வைத்தவர்களின் வெட்கமே! பெருமதிப்பிற்குரிய மடை அவர்களே!"

மடை எழுந்து வணங்கியது.

நீர் பாய்ந்தது. படிக்கட்டு வழியே இரண்டாம் மாடிக்கு இறங்கியது. பாம்புகள் நீரோடு படிப்படியாகச் சென்றன, அவசரப்படவில்லை. அமலன் தூக்கின் மூடியைத் திறந்து, உள்ளிருந்தவரையும் வழியனுப்பினான். பின்பு தடியைத் தோளில் சாத்திக்கொண்டு பின்னால் ஓடினான். கீழே தாழ்வாரம் வாய்க்காலாயிற்று. நீர் குனிவதில்லை, ஆகவே தாழ்வாரம் நீளவில்லை. துண்டைத் தோளில் போட்ட முதியவர் இரு பாம்புகளுக்கு வழிவிட்டு நின்றதாகப் பிறகு சொன்னார்கள்.

வாசலில் ஒச்சப்பன் இதற்குள் முழுக் கதவாகியிருப்பார். என்னால் இங்கிருந்து அவரைப் பார்க்க முடியாது. ஆனாலும் அழைத்தேன்.

"காவலர் ஒச்சப்பன் அவர்களே!"

கீழே ஒரு கீல் நீளமாக முனகியது.

அலுவலரின் கையில் இருந்த முனை இலேசாகிக்கொண்டே வந்தது. அவர் அதை உதறிப் பார்த்தார். ஈரம்தான் இருந்தது. "தலைப்புக்கு வாம்மா," என்று கெஞ்சினார். "தலைப்புக்கு வா. எல்லாருக்கும் வீடு வாசல் இருக்கு."

"வருகிறேன் தலைவர் அவர்களே," என்றேன். அவர் எழுந்து வணங்கி அமர வேண்டியதாயிற்று.

கட்டைவிரலில் இரத்தம் உறைந்துவிட்டது. தொண்டை நன்றாக இருந்தது. கொக்குக்கு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள், அவர்களை அழைத்தேன். கெண்டைகளை, நத்தைகளை, தவளைகளை அழைத்தேன். கருவேல முட்களை ஒவ்வொன்றாக அழைக்கத் தொடங்கினேன். கதிரவன் சன்னலுக்கு உள்ளே வந்து ஒரு காலி நாற்காலியில் அமர்ந்துகொண்டது.

அமலனிடமிருந்து செய்தி வந்தது. செம்போடைப்பட்டியில் பள்ளத்தில் போட்டிருந்த நாற்காலி மிதக்கத் தொடங்கிவிட்டதாம். இன்னும் கரை நிறையவில்லை. கொஞ்ச நேரம் ஆகும்.

"ஊரில் மிதந்துகொண்டிருக்கும் நாற்காலி அவர்களே!" என்றேன்.

நான் இன்னும் தலைப்புக்கு வரவில்லை.